என் கட்டைவிரல் இருக்கும் தாள்

மார்ச் 3, செவ்வாய்

இன்று கடையில் நாலு சாவி, ஒரு பெட்டிப் பூட்டு. மத்தியானத்துக்கு மேல் ஆள் இல்லை.

டீச்சர் சொன்னபடி தேதி போட்டு எழுதுகிறேன். நூலகத்து மாலை வகுப்பில் வயதில் மூத்தவன் நான்தான், எழுபத்தொன்று. "ஒரு நாளைக்கு ஒரு வரி போதும் ஐயா, யாரும் திருத்த மாட்டாங்க" என்றார். ஐந்து மாதத்துக்கு முன்பு பேனாவைப் பிடித்தால் விரல் வலிக்கும். இப்போது கீழே வைக்கத்தான் மனம் வரவில்லை.

நாற்பத்து நாலு வருடமாக இந்த வீட்டில் எழுத்து என்றால் என் மனைவிதான். பஸ் போர்டு, மருந்துச் சீட்டு, கல்யாணப் பத்திரிகை எல்லாம் அவள் வாய் வழியாகத்தான் எனக்கு வந்தன. நான் முதலில் எழுதப் பழகியதும் அவள் பெயரைத்தான். அவள் கையெழுத்தை முன்னால் வைத்துக்கொண்டு, அசல் சாவியைப் பார்த்து அறுப்பது போல, வளைவுக்கு வளைவு பார்த்து எழுதினேன். "முதல்ல உங்க பேரை எழுதுங்களேன்" என்றார் டீச்சர். என் பெயர் எங்கே ஓடிவிடப் போகிறது?

இந்த நோட்டைத் தகரப் பெட்டியில் வைத்துப் பூட்டினேன். அவள் பார்த்துவிட்டாள். "அப்படி என்ன ராஜ ரகசியம்?" என்று சிரிக்கிறாள். ரகசியம் ஒன்றும் இல்லை. அவள் படிக்காத எழுத்து என்று என் வாழ்க்கையில் இது ஒன்றுதான். அதற்காக ஒரு பூட்டு.

மார்ச் 5, வியாழன்

இன்று நடந்ததை எழுத இரண்டு பக்கம் வேண்டும்.

ஆஸ்பத்திரியிலிருந்து ஆள் வந்தது. குழந்தைகள் வார்டில் ஓர் இரும்பு அலமாரி, சாவி தொலைந்து மூன்று வருடமாம். போனேன். வெற்றுச் சாவியை உள்ளே விட்டுத் திருப்பி, விழுந்த தழும்பைப் பார்த்துப் பார்த்து அராவினேன். என் பழைய அரம்தான், கைப்பிடியில் மூன்று வெட்டு போட்டது. அரை மணியில் திறந்துவிட்டது. உள்ளே மருந்து இருக்கும் என்று நினைத்தேன். கதைப் புத்தகங்கள்!

மேலே இருந்ததை எடுத்து அட்டையைப் படித்தேன். வாய்விட்டுத்தான் படிக்க வரும் எனக்கு. "கு - டை - யை வி - ழுங் - கி - ய மு - த - லை." பக்கத்துக் கட்டிலில் ஒரு பெண் குழந்தை, எட்டு வயதிருக்கும், வலது கால் முழுக்க மாவுக்கட்டு. மாடிப்படியில் ஐந்து படியை ஒரே தாண்டாகத் தாண்டியதாம்.

"தாத்தா, ஏன் ஆமை மாதிரி படிக்கிறீங்க?"

"நான் புதுசும்மா."

"எதுக்குப் புதுசு?"

"படிப்புக்கு."

கொஞ்ச நேரம் என்னை மேலும் கீழும் பார்த்தது. "சரி, பரவால்ல, படிங்க" என்று அனுமதி கொடுத்தது.

படித்தேன். நான் ஒரு சொல்லைப் பிடிப்பதற்குள் வார்டே அடுத்த சொல்லை ஊகித்துக் கத்துகிறது. தவறாகக் கத்தினால் சிரிப்பு, சரியாகக் கத்தினால் இன்னும் சிரிப்பு. ஏழாம் பக்கத்தில் முதலையின் வயிற்றுக்குள் குடை விரிந்துகொண்டது. அந்த நேரம் பார்த்து சிஸ்டர் ஊசித் தட்டோடு வந்துவிட்டார்.

வெளியே வரும்போது சிஸ்டர், "வாரத்துக்கு மூணு நாள் வாங்களேன் பெரியவரே. இதுங்க இவ்வளவு நேரம் ஊசியை மறந்து நான் பார்த்ததில்ல" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. இன்னொரு சாவி செய்து நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், எங்கள் கையில் மறுபடி தொலையும் என்றும் சொன்னார். அதற்கு மட்டும் முடியாது என்றேன். செய்த சாவியைக் கொடுத்துவிட வேண்டும், அடுத்தவர் பூட்டுக்கான சாவி என்னிடம் தங்கக் கூடாது. நாற்பத்தாறு வருடமாக அது என் சட்டம். ஏன் என்று அவர் கேட்கவில்லை. நல்லதாயிற்று.

மார்ச் 6, வெள்ளி

முதலைக்கு என்ன ஆயிற்று என்று எனக்கும் தெரியாது.

மார்ச் 9, திங்கள்

குளித்து, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வார்டுக்குப் போனேன். வாசலிலேயே சிஸ்டர் ஒரு படிவத்தைக் கொடுத்தார். குழந்தைகளோடு இருக்க வருகிற யாராக இருந்தாலும் போலீஸ் சான்றிதழ் வேண்டுமாம். புது உத்தரவு. அது வரும் வரை உள்ளே விடக் கூடாதாம். "ஒரு ஃபார்மாலிட்டிதான், நான் வேணா நிரப்பித் தரட்டுமா?" என்றார்.

வேண்டாம், நானே படிக்கிறேன் என்று பெருமையாக வாங்கிக்கொண்டேன். என் வாழ்க்கையில் நானே படித்த முதல் படிவம். பெயர். தகப்பனார் பெயர். முகவரி. வயது. எல்லாம் சுகமாகப் போயிற்று. ஐந்தாவது கேள்வி: "உங்கள் மீது எப்போதாவது குற்ற வழக்கு இருந்ததுண்டா? ஆம் / இல்லை."

மூன்று முறை படித்தேன். முதலில் தவறாகப் படித்துவிட்டேனோ என்று பார்த்தேன். தவறு இல்லை. படிவத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

வீட்டில் அவள், "என்னங்க, போன வேகத்துல வந்துட்டீங்க?" என்றாள். வார்டில் வெள்ளையடிக்கிறார்கள் என்றேன்.

மார்ச் 10, செவ்வாய்

இதை யாரிடமும் சொன்னதில்லை. அவளிடமும். இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

எனக்கு இருபத்தைந்து வயது, கல்யாணம் ஆகவில்லை. ஆற்றுப் பாலம் கட்டிக்கொண்டிருந்த வருடம். ஒருவன் ஒரு சாவியைக் கொண்டுவந்து இதே மாதிரி ஒன்று வேண்டும் என்றான். சோப்பில் அச்சு எடுத்து வந்தால் விரட்டிவிடுவோம். இவன் அசலையே கொண்டுவந்தான், அறுத்துக் கொடுத்தேன். மறு வாரம் ஒரு ஜவுளிக் கிடங்கில் திருட்டு. பூட்டு உடையவில்லை, சாவி போட்டுத் திறந்திருக்கிறார்கள். போலீஸ் நேரே என்னிடம் வந்தது. பையையும் அரத்தையும் எடுத்துக்கொண்டார்கள். மூன்று நாள் உள்ளே இருந்தேன்.

நாலாம் நாள் காலை ஒரு போலீஸ்காரர் ஒரு தாளை நீட்டினார், எழுத்து நிறைய. "வை கட்டைவிரலை. வச்சிட்டுப் போய்ச் சேரு" என்றார். வைத்தேன். அதில் என்ன எழுதியிருந்தது?

நானும் சேர்ந்து திருடினேன் என்று எழுதியிருப்பார்கள். வேறு என்ன எழுதுவார்கள்? பிறகு யாரும் கூப்பிடவில்லை. ஆனால் தாள் எங்கேயோ இருக்கிறது, என் கட்டைவிரல் அதில் இருக்கிறது. பாஸ்போர்ட் வேண்டாம் என்றேன். பள்ளிக்கூடக் காவல் வேலை வந்தது, வேண்டாம் என்றேன். போலீஸ் விசாரிப்பு வரும் எதுவும் வேண்டாம்.

இன்னொன்றும் எழுதிவிடுகிறேன். கல்யாணமான மறு வருடம் அவள் ஓர் அரம் வாங்கி வந்தாள், பழைய இரும்புக் கடையில் கிடைத்ததாம். கையில் வாங்கிப் பார்த்தால் கைப்பிடியில் மூன்று வெட்டு. நான் போட்ட வெட்டு! போலீஸ் எடுத்துக்கொண்டு போன என் அரம்! ஏலத்தில் போய்க் கடைக்கு வந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். இது என்னுடையது என்று சொன்னால் முழுக் கதையையும் சொல்ல வேண்டும். "நல்ல அரம்" என்று மட்டும் சொன்னேன். "பார்த்தாலே தெரிஞ்சுது" என்றாள்.

"இல்லை" என்று போட்டுவிடலாம். யார் தோண்டப் போகிறார்கள்? ஆனால் நான் எழுதப் பழகியே ஐந்து மாதம்தான் ஆகிறது. அதற்குள் பொய் எழுதப் பழக வேண்டுமா?

மார்ச் 12, வியாழன்

போலீஸ் ஸ்டேஷன் போனேன். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டேன். "கோயிலா இது? போட்டுக்கிட்டு வாங்க தாத்தா" என்றது ஒரு பெண் போலீஸ், என் மகள் வயது. கம்ப்யூட்டரில் என் பெயரைத் தட்டிப் பார்த்தது.

"சுத்தமா இருக்கு. இல்லைன்னு டிக் அடிச்சுக் குடுங்க, அடுத்த வாரம் சான்றிதழ்."

"இந்தக் கம்ப்யூட்டர் எந்த வருஷத்துலேர்ந்துமா?"

"இருபது வருஷமா."

"என் சங்கதி அதுக்கும் முன்னாடி."

அது நாற்காலியைத் திருப்பிக்கொண்டு என்னைப் பார்த்தது. "எம்மேல கேஸ் இருக்கு, தேடிக் குடுங்கன்னு வலிய வந்து நிக்கிற முதல் ஆளு நீங்கதான்" என்றது. சிரிக்கவில்லை. ஒரு தாளில் எழுதிக் கொடுத்தது. பழைய வழக்குக் கட்டுகள் எல்லாம் கோர்ட் ரெக்கார்டு ரூமுக்குப் போய்விட்டன. அங்கே நகல் பிரிவில் மனுக் கொடுக்க வேண்டும். வருடம், எந்த ஸ்டேஷன், பெயர். சம்பந்தப்பட்டவரே கேட்டால் தருவார்கள். அந்தத் தாளைக் கொண்டுவந்தால் அதை வைத்துச் சான்றிதழ்.

"அதுல தண்டனைன்னு இருந்தா?" என்று கேட்டேன்.

"அப்படின்னா அப்படித்தான் எழுதணும் தாத்தா. குழந்தைங்க வார்டுக்கு விட மாட்டாங்க."

மார்ச் 16, திங்கள்

மனு எழுதினேன். நானே எழுதினேன். "ஐயா, வணக்கம்" என்று தொடங்கிப் பதினாலு வரி. இரண்டு தாள் வீணாயிற்று.

நகல் பிரிவு கோர்ட்டின் பின்கட்டில் இருக்கிறது. ஜன்னலுக்குப் பின்னால் ஒருவர், ஒவ்வொரு கட்டைத் தொடும்போதும் தும்முகிறார். வாங்கி ஒரு தும்மல், முத்திரை குத்தி ஒரு தும்மல். தும்மல்காரர் என்று பெயர் வைத்துவிட்டேன். "வருஷம் தெரியாதா பெரியவரே? பாலம் கட்டின வருஷம்னா எனக்கு எப்படித் தெரியும், நான் அப்ப பொறக்கவே இல்ல" என்றார். வெளியே போய்ப் பாலத்தின் கல்வெட்டில் வருடத்தைப் படித்துக்கொண்டு திரும்பி வந்தேன். ஒரு மைல் போக, ஒரு மைல் வர. தும்மல்காரர் எழுந்து நின்று வாங்கிக்கொண்டார்.

மார்ச் 17, செவ்வாய்

சிஸ்டரைப் பார்த்தேன், வாசலோடு. மாவுக்கட்டுக் குழந்தை முதலைப் புத்தகத்தைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு யாரையும் படிக்க விடுவதில்லையாம். ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கொடுத்தனுப்பினேன்: "முதலை நலம். பொறுத்திரு. ஆமை."

நான் எழுதிய முதல் கடிதம்.

மார்ச் 19, வியாழன்

பதில் வந்தது! "ஏப்ரல் 14 கட்டுப் பிரிச்சு வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. சீக்கிரம் வா ஆமை." பெட்டிக்குள் பத்திரப்படுத்தினேன்.

மார்ச் 24, செவ்வாய்

தும்மல்காரர் அந்த வருடத்துக் குற்றவாளிகள் பட்டியலை எடுத்து வைத்திருந்தார். சிவப்புத் துணியில் சுற்றிய பதிவேடு. அவர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கமாக விரல் வைத்துக்கொண்டு வந்தோம். பழைய கையெழுத்து, கொடி சுற்றிய மாதிரி. எத்தனை பெயர்! கோழி திருடியவன், சைக்கிள் திருடியவன், மாமனாரை அடித்தவன். என் பெயர் இல்லை.

"இல்ல பெரியவரே. 'பதிவு இல்லை'ன்னு எழுதித் தர்றேன், நிம்மதியாப் போங்க" என்றார்.

பேசாமல் வாங்கிக்கொண்டு வந்திருக்கலாம். கையும் நீட்டிவிட்டேன். ஆனால் நான் கட்டைவிரல் வைத்தது கனவில் இல்லையே. ஜவுளிக் கிடங்கு முதலாளி புகார் கொடுத்திருப்பாரே, அந்த வழியாகத் தேட முடியுமா என்று கேட்டேன்.

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "மாட்டிக்கிட்டே தீருவேன்னு ஒத்தக் கால்ல நிக்கிறீங்களே" என்றார். ஆனால் எழுந்து போனார். அரை மணி நேரம் உள்ளேயிருந்து தும்மல் சத்தம் மட்டும் வந்தது. பிறகு ஒரு கட்டோடு வந்தார், தலையெல்லாம் வெள்ளை. ஜவுளிக் கிடங்குத் திருட்டு. இருக்கிறது. முழுக் கட்டுக்கும் நகல் கேட்டு இன்னொரு மனு எழுதினேன். அடுத்த செவ்வாய் வரச் சொன்னார்.

வீட்டில் என் சட்டையைத் தட்டிவிட்டபடி அவள், "நூலகத்துல இவ்வளவு தூசியா? உங்க டீச்சர் பாடம் நடத்துறாங்களா, ஒட்டடை அடிக்க விடறாங்களா?" என்றாள்.

மார்ச் 27, வெள்ளி

அவள் பாட்டுக்குத் துணி மடித்துக்கொண்டிருந்தாள். சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். "என்னங்க?" என்றாள். தண்ணீர் கேட்டேன்.

மார்ச் 31, செவ்வாய்

பதினோரு தாள், ஒவ்வொன்றிலும் வட்ட முத்திரை. "படிச்சுச் சொல்லட்டுமா?" என்றார் தும்மல்காரர். வேண்டாம் என்றேன். கோர்ட் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தேன். ஒன்பதரைக்கு உட்கார்ந்தவன் எழுந்திருக்கும்போது பன்னிரண்டு ஆகிவிட்டது.

ஐந்தாம் தாளில் என் கட்டைவிரல் இருந்தது. கறுப்பாக, சின்னதாக. அதற்கு மேலே இருந்ததை ஒவ்வொரு எழுத்தாகப் படித்தேன். அப்படியே இங்கே எழுதுகிறேன்:

"நான் பூட்டு, சாவி செய்யும் தொழில் செய்து வருகிறேன். மேற்படி நபர் அசல் சாவியைக் கொண்டு வந்தபடியால் சந்தேகப்படவில்லை. அவரை மீண்டும் பார்த்தால் அடையாளம் காட்டுவேன். திருட்டுக்கும் எனக்கும் தொடர்பு இல்லை. படித்துக் காட்டப்பட்டது, சரியென ஒப்புக்கொண்டு இடது பெருவிரல் ரேகை வைத்தேன்."

மேலே தலைப்பில்: நான்காம் சாட்சியின் வாக்குமூலம்.

சாட்சி! நான் சாட்சி! குற்றவாளிகள் பட்டியலில் பெயர் எப்படி இருக்கும்? அந்த ஆள் பிடிபட்டு எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டானாம், அதனால் சாட்சிகளை விசாரிக்கவில்லை என்று எட்டாம் தாளில் இருக்கிறது. அதனால்தான் யாரும் கூப்பிடவில்லை.

அந்தத் தாளில் ஒரே ஒரு பொய்தான். "படித்துக் காட்டப்பட்டது." யாரும் படித்துக் காட்டவில்லை. அன்றைக்கு ஒரு தடவை படித்துக் காட்டியிருந்தால் - நாலு வரி - எவ்வளவு நேரம் ஆகியிருக்கும் அந்தப் போலீஸ்காரனுக்கு? கோபம் வந்தது. பிறகு அதே நாலு வரியை முதலிலிருந்து வாய்விட்டுப் படித்தேன், மெதுவாக. பக்கத்தில் இருந்த வக்கீல் திரும்பிப் பார்த்தார். பார்க்கட்டும். எனக்குப் படித்துக் காட்டிக்கொண்டிருந்தேன்.

கடைசித் தாளைக் கவனிக்காமலேயே மடிக்கப் போனேன். கைப்பற்றிய பொருள்களைத் திருப்பிக் கொடுத்த ரசீது. துணிப் பை ஒன்று. அரம் ஒன்று, கைப்பிடியில் மூன்று வெட்டு. உரியவர் சார்பில் பெற்றுக்கொண்டவர் என்ற இடத்தில் ஒரு கையெழுத்து.

அந்தக் கையெழுத்து எனக்குத் தெரியும். வளைவுக்கு வளைவு தெரியும்.

அதே நாள், மாலை

வீட்டுக்கு வந்து அந்தத் தாளை அவள் முன்னால் வைத்தேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தாள்.

"அடடா, என் கையெழுத்து அப்ப எவ்வளவு நல்லா இருந்திருக்கு" என்றாள்.

"உனக்குத் தெரியுமா?"

"கல்யாணமாகி எட்டு மாசத்துல கோர்ட்லேர்ந்து கடுதாசி வந்துச்சு, பொருளை வந்து எடுத்துக்கங்கன்னு. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. போய் விசாரிச்சேன். சாட்சிதான், பயப்படாதீங்கன்னாங்க. உங்க ரேகை வேணும்னாங்க, வாங்கிட்டுப் போனேன்."

"எப்ப வாங்கினே?"

"குழாய் இணைப்புக்கு மனுன்னு சொன்னேன்ல."

"அடிப்பாவி! குழாய்னு சொல்லித்தானே வாங்கினே!"

"ஏன், குழாயும் வந்துச்சே!"

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. இரண்டும் வந்தது. "ஏன் எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல?"

"நீங்க மூணு நாள் உள்ள இருந்ததைச் சொல்லக் கூச்சப்படறீங்கன்னு நினைச்சேன். நீங்களா சொல்லுவீங்கன்னு இருந்தேன்."

"நாப்பத்து மூணு வருஷமாவா?"

"எனக்கென்ன அவசரம்?"

பிறகுதான் சொன்னேன், நான் என்னைக் குற்றவாளி என்றே நினைத்திருந்ததை. பாஸ்போர்ட்டை, காவல் வேலையை, எல்லாவற்றையும். அவள் முகம் மாறிவிட்டது. சாட்சி என்று எனக்குத் தெரியும் என்றே இத்தனை காலமும் அவள் நினைத்திருக்கிறாள். "நான் ஒரு பைத்தியம். எல்லாத்தையும் படிச்சுச் சொன்னேன், அதை மட்டும் சொல்லாம விட்டுட்டேனே" என்று என் கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டாள். வெகு நேரம் விடவில்லை.

இன்று பெட்டியைப் பூட்டவில்லை.

ஏப்ரல் 7, செவ்வாய்

சான்றிதழ் வாங்கினேன். ஐந்தாவது கேள்விக்கு "இல்லை" என்று எழுதி, பக்கத்தில் "ஒரு வழக்கில் சாட்சி" என்றும் எழுதினேன். "அதை யாரு தாத்தா கேட்டா?" என்றது பெண் போலீஸ். நான் சொல்கிறேன் என்றேன்.

பதிவேட்டைத் தள்ளும்போது, பாவம், என் நரையைப் பார்த்து மை டப்பாவையும் திறந்து சேர்த்துத் தள்ளியது. மூடி வைத்துவிட்டுப் பேனா கேட்டேன்.

ஏப்ரல் 9, வியாழன்

சிஸ்டர் லீவாம். அவர் கையெழுத்தில்லாமல் விட மாட்டார்களாம். இன்னும் ஐந்து நாள்தான் இருக்கிறது.

ஏப்ரல் 13, திங்கள்

விட்டார்கள்.

மாவுக்கட்டுக் குழந்தை தலையணைக்கு அடியிலிருந்து புத்தகத்தை எடுத்து, ஏழாம் பக்கத்தைத் தானே பிரித்துக் கொடுத்தது. முதலையை மழையில் நிற்க வைத்து வாயைத் திறக்கச் சொல்கிறார்கள். விரிந்த குடைக்கு அடியில் தவளைகள் எல்லாம் ஒதுங்க வருகின்றன. முதலை அப்படியே வாயைத் திறந்து வைத்துக்கொண்டு, மழை விடும் வரை ஒரு தவளையையும் தின்னாமல் நிற்கிறது. வார்டு முழுக்கக் கத்தல். அந்தக் குழந்தை மட்டும் கத்தவில்லை. ஒவ்வொரு சொல்லுக்கும் முன்பே அதன் உதடு அசைந்துகொண்டிருந்தது.

"நீ முன்னாடியே படிச்சிட்டியா?"

"என்னிக்கோ படிச்சிட்டேன்."

"அப்புறம் எதுக்கு என்னை வா வான்னு சொன்னே?"

"நீங்க முடிக்கவே இல்லையே" என்றது.

சிஸ்டர் அலமாரிச் சாவியைத் தேடிக்கொண்டிருந்தார். மேசைமேல் இல்லை, டிராயரில் இல்லை. கடைசியில் ஊசித் தட்டில் கிடந்தது. "பார்த்தீங்களா பெரியவரே? இன்னொண்ணு செஞ்சு உங்ககிட்டயே வச்சுக்கங்கன்னு அன்னிக்கே சொன்னேன்" என்றார். மூன்று வெட்டு அரத்தால் அங்கேயே ஜன்னல் விளிம்பில் உட்கார்ந்து அராவினேன். போட்டுத் திருப்பினேன். திறந்தது. சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து அதை அவள் கையில் கொடுத்தேன், ஆணியில் மாட்டச் சொல்லி. எந்தப் பூட்டுக்கு என்று அவள் கேட்கவில்லை. நானாகவே சொன்னேன்.